தண்ணீருக்கு முன்னால் நடந்த நாள்

ஒரு மாதம் வாயைத் திறக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னபோது என் கணவர் சிரித்துவிட்டார். டாக்டரும் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பதினெட்டு வருஷம் வகுப்பில் கத்திக் கத்தித் தொண்டையில் இரண்டு சின்னக் கட்டிகள் வந்து, அறுவைச் சிகிச்சை செய்து எடுத்திருந்தார்கள். இனி நான்கு வாரம் பேச்சு கிடையாது. கிசுகிசுப்பதும் கூடாதாம், அது கத்துவதைவிட மோசமாம்.

சென்னையில் பேசாமல் இருப்பது நடக்காத காரியம் என்று மூன்றே நாளில் தெரிந்துபோயிற்று. வேளச்சேரியில் எங்கள் குடியிருப்பில் அறுபது வீடுகள். அதில் தண்ணீர்ப் பொறுப்பாளர் நான். அந்தக் கோடையில் தண்ணீர் லாரி வந்து நின்றால் எந்தத் தொட்டியில் முதலில் இறக்குவது என்று தினமும் தகராறு. பின்பக்கக் கட்டடத்துக்காரர்கள் யாருக்கும் தெரியாமல் வால்வைத் திருப்பிவிடுகிறார்கள் என்று பம்ப் அறைக்குப் பூட்டுப் போட்டவளே நான்தான். சாவி என் வீட்டு ஆணியில் தொங்கியது. ஆகவே எங்கள் வீட்டு அழைப்புமணிக்கு ஓய்வே இல்லை. வந்தவர்களிடம் காகிதத்தில் எழுதி எழுதிச் சண்டை போட்டேன்.

இதைக் கேள்விப்பட்டு என் கணவருக்குப் போன் செய்தாள் என் தோழி. பி.எட். படித்தபோது விடுதியில் என் அறையில் இருந்தவள். மன்னார்குடியிலிருந்து முத்துப்பேட்டை போகும் வழியில், பிரதான சாலையை விட்டு உள்ளே தள்ளியிருக்கும் ஒரு கிராமத்தில் வாழ்க்கைப்பட்டவள். கணவர் வளைகுடாவில் கிரேன் ஓட்டுகிறார். மகள் தஞ்சாவூரில் கல்லூரி விடுதியில். நான்கு ஏக்கர் நிலத்தை அவள் ஒருத்தியே பார்த்துக்கொள்கிறாள்.

"அவளை ரயிலேத்தி வுடுங்கண்ணா. இங்க வந்து சும்மா கிடக்கட்டும்" என்றாள். ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது.

எனக்குச் சொந்த ஊர் என்று ஒன்று கிடையாது. அப்பா பிறந்ததே மயிலாப்பூரில். கிராமம் என்பது எனக்கு ரயில் ஜன்னலுக்கு வெளியே ஓடுகிற பச்சை, அவ்வளவுதான். மன்னார்குடி ரயில் நிலையத்தில் காலையில் இறங்கி, அவள் ஸ்கூட்டியின் பின்னால் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு போனபோது அந்தப் பச்சையும் இல்லை. ஆனி மாதம். இரண்டு பக்கமும் வெடித்துப்போன வயல்கள். வாய்க்கால்களில் ஆடுகள் படுத்திருந்தன.

அமைதியாக இருக்கும் என்று நினைத்துத்தான் வந்தேன். அமைதியெல்லாம் இல்லை. விடியும் முன்னே கோயில் ஒலிபெருக்கி, அதற்குப் பின் சேவல்கள், அதற்குப் பின் பக்கத்து வீட்டு டி.வி. ஆனால் நான் பதில் சொல்லவில்லை என்று யாருக்கும் ஒரு குறையும் இல்லை. அதுதான் எனக்குப் புதிதாக இருந்தது. இரண்டு வீடு தள்ளி ஓர் அக்கா இருந்தார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். ஊரில் நடவு, களையெடுப்பு எல்லாவற்றுக்கும் பெண்களைச் சேர்த்துக் கூட்டிப்போகிறவர் அவர்தான். முதல் நாள் அவரிடம் என் நோட்டுப் புத்தகத்தை நீட்டினேன்.

"கண்ணாடி வூட்டுல கெடக்கு டீச்சர். நீங்க தலைய ஆட்டுங்க, அது போதும்" என்றார்.

பிறகு தலையாட்டினால் போதுமானபடி மட்டுமே கேள்வி கேட்டார். பையனா? ஒருத்தன்தானா? மாமியார் கூட இருக்காங்களா? ஆபரேஷன்ல வலிச்சுதா? கால் மணி நேரத்தில் என் கதை முழுவதும் அவருக்குத் தெரிந்துவிட்டது. வேறு யாரிடமும் இவ்வளவு சுலபமாக நான் பேசியதில்லை.

என் தோழி அதிகாலையில் எழுந்துவிடுவாள். அவள் சமையலறையில் இரண்டே அலமாரிப் பலகைகள். அதில் இருப்பது எல்லாமே தினமும் கையில் எடுக்கிற சாமான். என் வீட்டு அலமாரிகளில் வருஷத்துக்கு ஒருமுறைகூடத் தொடாத பாத்திரங்களை நினைத்துக்கொண்டேன். காலையில் தயிர் விட்ட பழைய சோறும் மோர் மிளகாயும் சாப்பிட்டுவிட்டு நேரே நாற்றங்காலுக்குப் போவாள். வீட்டுக்குப் பின்னால் ஒரு சின்னத் துண்டு நிலத்தில் நெல்லை நெருக்கமாக விதைத்து நாற்று வளர்த்திருந்தாள். குளத்தில் மோட்டார் வைத்து இறைத்துத்தான் முளைக்கவைத்தாள். அந்தக் குளம் இப்போது சேறாகிவிட்டது. அவர்கள் பக்கம் நிலத்தடித் தண்ணீர் உப்பு. போர் போட்டாலும் பயிருக்கு ஆகாது. அதனால் அவளும் அக்காவும் பஞ்சாயத்துக் குழாயடியிலிருந்து குடம் குடமாகச் சுமந்து வந்து, கையால் வாரித் தெளித்துக்கொண்டிருந்தார்கள். நாற்றின் நுனி எல்லாம் செம்மஞ்சளாகக் கருகத் தொடங்கியிருந்தது.

இரண்டாம் நாளே நானும் ஒரு குடத்தைத் தூக்கினேன். பாதித் தண்ணீர் என் புடவைக்குப் போயிற்று. அக்கா அதைப் பார்த்துவிட்டு, "டீச்சரும் நல்லா வளரட்டும்" என்றார்.

அந்த நாட்களில் ஊரில் பேச்சு ஒன்றே ஒன்றுதான். தண்ணீர் எங்கே வந்திருக்கிறது? மேட்டூரில் திறந்துவிட்டிருந்தார்கள். ஊர் வாட்ஸ்அப் குழுவில் காலையும் மாலையும் செய்தி வரும். கல்லணை தாண்டியாச்சு. நீடாமங்கலத்தில் மூன்று ஆறாகப் பிரித்து விட்டாச்சு. பாமணி ஆற்றில் வருகிறது. கடைக்குப் போனால் கடைக்காரர் கேட்பார், பஸ்ஸில் கண்டக்டர் சொல்வார். எனக்கு லாரித் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்றுகூடத் தெரியாது. ஒருநாளும் கேட்டதில்லை.

வந்த ஒன்பதாம் நாள் காலை. காபி ஆற்றிக்கொண்டே போனைப் பார்த்த தோழி டம்ளரை அப்படியே வைத்துவிட்டாள்.

"நம்ம வாய்க்கா தலைப்ப லஸ்கர் திறந்துட்டாராம்டி!"

லஸ்கர் என்பது மதகுகளைத் திறந்து மூடும் பொதுப்பணித் துறை ஊழியர். அவர் ஆற்றிலிருந்து எங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீரைத் திருப்பிவிட்டார் என்பது செய்தி. நான் நோட்டில் எழுதினேன்: "அப்ப இன்னைக்கு வந்துடுமா?"

"தானா எங்க வரும்? நாமதான் போய் கூட்டியாரணும்."

கொஞ்ச நேரத்தில் வாசலில் அக்காவோடு ஆறேழு பெண்கள் அரிவாளும் மண்வெட்டியுமாக நின்றார்கள். அக்காவின் இடுப்பில் மட்டும் ஒரு பூப்பொட்டலம். நான் புடவையை ஏற்றிச் செருகிக்கொண்டு பின்னால் போனேன். யாரும் நீங்கள் எதற்கு என்று கேட்கவில்லை. ஒரு பெண் தன்னிடமிருந்த இரண்டு அரிவாளில் ஒன்றை என்னிடம் கொடுத்தாள்.

காய்ந்த வாய்க்காலுக்குள்ளேயே இறங்கி மேற்கே நடந்தோம். பாதி தூரத்தில் மேலூர். எங்களுக்கு முன்னால் தண்ணீர் பாயும் ஊர் அது. அங்கே பிரிகிற கிளை வாய்க்காலைக் காட்டித் தோழி மெதுவாகச் சொன்னாள். "இதுதான் சிக்கல். இவங்க திறந்து எடுத்துக்கிட்டா நமக்கு ரெண்டு நாள் தள்ளிப்போயிடும். முறைப்படி மொதல்ல இவங்களுக்குத்தான். போன வருஷம் இதே எடத்துல வாய்ச்சண்டையாகி போலீஸ் ஸ்டேஷன் வரைக்கும் போச்சு."

எனக்குப் பம்ப் அறைப் பூட்டு ஞாபகம் வந்தது.

இன்னும் அரை மணி நேரம் நடந்திருப்போம். முன்னால் போன அக்கா சட்டென்று நின்று கையைத் தூக்கினார். கொக்குகள்தான் முதலில் தெரிந்தன. பத்துப் பதினைந்து, வாய்க்காலின் நடுவே அடி எடுத்து எடுத்து எங்களை நோக்கி வந்தன. அவற்றின் காலடியில் தண்ணீர்.

அலை மாதிரி பாய்ந்து வரும் என்று நான் எதிர்பார்த்திருந்தேன். அப்படி இல்லை. காவி நிறத்தில் ஒரு கை அகலத்துக்கு நாக்கை நீட்டுவதுபோல் வந்தது. சருகு, நுரை, ஒரு செருப்பு எல்லாவற்றையும் முன்னால் தள்ளிக்கொண்டு வந்தது. ஒரு பள்ளம் வந்தால் நின்றது. பள்ளம் நிறைந்த பிறகு மறுபடி கிளம்பியது. வெடிப்புகளுக்குள் இறங்கும்போது மண்ணுக்குள்ளிருந்து குமிழி குமிழியாகக் காற்று வந்தது. அதிலிருந்து பூச்சிகள் வெளியே ஓட, கொக்குகள் கொத்தின.

பெண்கள் செருப்பைக் கழற்றிக் கரையில் போட்டார்கள். அக்கா பொட்டலத்தைப் பிரித்துப் பூவைத் தண்ணீரில் போட்டு, குனிந்து தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். மந்திரமோ பாட்டோ இல்லை. "வாம்மா" என்றார். வீட்டுக்கு வந்த பெண்ணைச் சொல்கிற மாதிரி. அவ்வளவுதான். நானும் தொட்டேன். வெயிலில் காய்ந்த மண்ணில் வந்ததால் வெதுவெதுப்பாக இருந்தது. ஏனென்று தெரியவில்லை, என் கண் கலங்கிவிட்டது. நல்லவேளை, யாரும் என்னைப் பேசச் சொல்லவில்லை.

அதன் பிறகு வேலை. தண்ணீருக்கு முன்னால் நடந்து வழியைச் சுத்தம் செய்துகொண்டே திரும்பினோம். காட்டாமணக்குப் புதர்களை வெட்டிக் கரையில் எறிந்தோம். பாட்டில்கள், பிளாஸ்டிக் பைகள், தெர்மாகோல் அட்டைகள். முள்ளைக் கண்ட இடத்தில் எல்லாம் எனக்கு முன்னால் யாராவது ஒருத்தி குனிந்து எடுத்துவிடுவாள். தண்ணீர் எங்களை அவசரப்படுத்தவில்லை, ஆனால் விடவும் இல்லை. பத்து நிமிஷம் உட்கார்ந்தால் காலடிக்கு வந்துவிடும். "வந்துட்டாருய்யா மேஸ்திரி" என்று ஒருத்தி எழுந்துகொள்வாள். எல்லோரும் சிரிப்பார்கள்.

ஓரிடத்தில் சாலைக்குக் கீழே வாய்க்கால் குழாய் வழியாகப் போகிறது. அந்தக் குழாய் அடைத்திருந்தது. அக்கா உள்ளே தலையை விட்டுப் பார்த்துவிட்டு, "மெத்தை!" என்றார். யாரோ பழைய பஞ்சு மெத்தையைத் தூக்கிப் போட்டிருந்தார்கள். மண் ஏறி, ஒரு செத்த மாட்டின் கனத்தில் இருந்தது. அத்தனை பேரும் பிடித்து இழுத்தோம். தண்ணீர் வந்து கணுக்காலைத் தொட்டது, பிறகு முழங்காலைத் தொட்டது. மெத்தை அசையவில்லை. தோழி மண்வெட்டியால் அதை இரண்டாகக் கிழித்தாள். முதல் பாதி வந்தவுடன் எல்லோரும் மல்லாக்க விழுந்தோம். விழுந்தபடியே அக்கா சொன்னார்: "இவ்ளோ பெரிய மெத்தையில படுத்தவனுக்கு தூக்கம் வந்திருக்குங்கறீங்க?" சத்தம் போட்டுச் சிரிக்க முடியாமல் நான் பட்ட பாடு பெரும் பாடு.

மேலூருக்கு வந்தபோது உச்சி வெயில். கிளை வாய்க்காலின் வாயில் ஒருவர் துண்டைத் தலையில் போட்டு உட்கார்ந்திருந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். பக்கத்தில் மண்வெட்டி. அவரைப் பார்த்ததும் எங்கள் பெண்கள் நடையைத் தளர்த்தினார்கள். போன வருஷச் சண்டையில் முன்னால் நின்றவர் இவர்தான் என்று எனக்குப் பிறகு சொன்னார்கள்.

தோழி முன்னால் போனாள். "அண்ணே, தண்ணி வருது."

"பாத்துக்கிட்டுதான இருக்கேன்." அவர் எழுந்திருக்கவில்லை. "உன் நாத்து கருகுதுன்னாங்களே, உள்ளதா?"

"பாதி போயிடுச்சுண்ணே. மிச்சம் இன்னும் ரெண்டு நாள் தாங்கும்."

அவர் திரும்பி வாய்க்காலைப் பார்த்தார். தண்ணீர் அப்போதுதான் வளைவில் தலைகாட்டியது.

"எங்க பக்கம் போர்ல நல்ல தண்ணி. கரண்டு இருந்தா சமாளிச்சுக்குவோம். நீங்க கொண்டுபோங்க. ரெண்டு நாளு. அப்புறம் எங்களுக்கு வுடணும்."

தோழி "போன வருஷம்..." என்று ஆரம்பித்தாள்.

"போன வருஷம் பேசுனதெல்லாம் போன வருஷமே பேசியாச்சு. அத ஏன் இப்ப?" என்று எழுந்து, கிளை வாய்க்காலின் வாயில் பலகைகளை ஒவ்வொன்றாக இறக்கினார்.

அந்த நேரத்தில் அவர் மனைவி ஒரு தூக்கில் டீயோடு வந்தார். வந்ததும் வராததுமாகக் கணவரைப் பிடித்துக்கொண்டார். "என்ன காரியம் பண்ணிக்கிட்டு இருக்கீங்க?" போச்சு, கெட்டது என்று நினைத்தேன். அந்த அம்மாள் பலகைக்கு அடியில் கையைக் காட்டினார். "அடியில ஒழுகுது பாருங்க! குடுக்கறதுன்னு ஆன பொறவு முழுசா குடுக்க வேணாமா?" தூக்கைக் கரையில் வைத்துவிட்டு அவரே இறங்கி, வைக்கோலையும் சேற்றையும் பிசைந்து ஒழுகிய இடத்தில் அடைத்தார். கையைக் கழுவிக்கொண்டு எங்களுக்கு டீ ஊற்றினார். டம்ளர் இரண்டுதான் இருந்தது. மாறி மாறிக் குடித்தோம். என்னைப் பார்த்து, "இவங்க யாரு, பேசவே மாட்டேங்கறாங்க?" என்றார்.

"டீச்சரு. கத்திக் கத்தித் தொண்ட போயிடுச்சு" என்றார் அக்கா.

"எங்க வூட்டுக்காரருக்கும் போன வருஷம் அப்புடித்தான் போச்சு" என்றார் அந்த அம்மாள். அவர் கணவர் வேறு பக்கம் பார்த்தார். நாங்கள் எல்லோரும் டீயைப் பார்த்தோம்.

எங்கள் ஊர் எல்லைக்குத் தண்ணீர் வந்து சேர மாலை ஐந்து மணி ஆகிவிட்டது. தோழியின் நாற்றங்காலுக்குப் போகும் வரப்பை அவள்தான் வெட்ட வேண்டும் என்று மற்றவர்கள் ஒதுங்கி நின்றார்கள். அவள் போனை என் கையில் கொடுத்து, வளைகுடாவுக்கு வீடியோ அழைப்புப் போடச் சொன்னாள். அவள் கணவர் வேலை இடத்தில் தலையில் மஞ்சள் தொப்பியோடு தெரிந்தார். பின்னால் ஏதோ இயந்திரத்தின் இரைச்சல். என்னைப் பார்த்து ஒரு வணக்கம் வைத்தார். "தங்கச்சி, கேமராவத் திருப்புங்க. தண்ணியக் காட்டுங்க."

திருப்பினேன். மூன்று வெட்டில் வரப்பு விட்டது. தண்ணீர் உள்ளே போய், கருகிய நாற்றுகளின் காலடியில் பரவியது.

"கிட்டப் புடிங்க. சத்தம் கேக்கணும்."

குனிந்து போனை மண்ணுக்கு அருகில் பிடித்தேன். காய்ந்த மண் தண்ணீரைக் குடிக்கும் சத்தம் கொதிக்கப் போகிற பாலின் சத்தம் மாதிரி, மிக மெலிதாக இருந்தது. அங்கே அவர் யாரிடமோ அரபியிலும் இந்தியிலும் ஏதோ கத்தினார். பின்னால் இயந்திரத்தின் இரைச்சல் நின்றது. ஒரு நிமிஷத்துக்கும் மேலாக அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு, "சரி, வேலைக்கு நேரமாச்சு. பாத்துக்க" என்றார். அழைப்பு நின்றது.

"பாத்தியா? என் மூஞ்சியக் காட்டச் சொல்லவே இல்ல" என்றாள் தோழி, சேற்றுக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே. முகம் முழுக்கச் சேறானது.

மறுநாள் ஊரே மாறியிருந்தது. ஆடுகள் படுத்த இடத்தில் எருமைகள் கிடந்தன. வாய்க்காலைக் குறுக்கே தாண்டி டீக்கடைக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள் பாலத்தைச் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருந்தது. நாற்றில் ஒரு பச்சை தெரிந்தது. பாதி போனது போனதுதான், அது திரும்பவில்லை. இருக்கிற நாற்றை வைத்து இரண்டு ஏக்கர் நடலாம், மிச்சத்தை அடுத்த பட்டமான சம்பாவுக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று தோழி கணக்குப் போட்டாள். அதைப் பெரிதாகச் சொல்லவும் இல்லை, வருத்தத்தை மறைக்கவும் இல்லை.

மூன்றாம் நாள் விடிந்ததும் அவளும் அக்காவும் நானும் மேலூருக்கு நடந்தோம். யாரும் வந்து கேட்கவில்லை. நாங்களாகவே எங்கள் பக்கம் போகும் வாயில் பலகைகளை இறக்கி, கிளை வாய்க்காலின் வாயைத் திறந்தோம். அடியில் ஒழுகுகிறதா என்று தோழி இரண்டு முறை கையை விட்டுப் பார்த்தாள். பாதி வேலையில் அந்த மேலூர்க்காரர் டூத்பிரஷ்ஷை வாயில் வைத்துக்கொண்டு வந்தார். வாய் நிறைய நுரை. பேச முடியவில்லை. கையை மட்டும் உயர்த்திக் காட்டிவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி எங்களோடு பலகையைத் தூக்கினார்.

மேலூரில் போர்த் தண்ணீரில் வளர்த்த நாற்று தயாராக இருந்ததால் அந்த வாரமே நடவு தொடங்கியது. அக்காவின் ஆட்களைத்தான் கூப்பிட்டார்கள். நானும் லோடு ஆட்டோவில் ஏறிக்கொண்டேன். சேற்றில் இறங்கினால் முழங்கால் வரை புதைந்தது. அக்கா ஒரு கட்டு நாற்றைக் கொடுத்து, நான்கைந்து நாற்றாகப் பிரித்து, கட்டைவிரலால் அழுத்தி எப்படி வைப்பது என்று ஒருமுறை செய்துகாட்டினார். நட்டேன். அவர்கள் ஒரு வரிசை முடித்து அடுத்ததுக்குப் போனபோது நான் முதல் வரிசையின் கால்வாசியில் இருந்தேன். இடுப்பு ஒடிந்தது. ஆனாலும் நான் நட்டது நிற்கிறது என்ற பெருமையோடு நிமிர்ந்து பார்த்தேன்.

எனக்கு எதிரே, நான் நட்ட வரிசையில் அந்த மேலூர் அம்மாள் வந்துகொண்டிருந்தார். நான் நட்டதில் சாய்ந்தவை, மிதந்தவை, நெருங்கிப்போனவை எல்லாவற்றையும் பிடுங்கி, அதே கையோடு திரும்ப நட்டுக்கொண்டே வந்தார். நான் பார்ப்பதைப் பார்த்தார். நிறுத்தவில்லை. மகளுக்குக் குத்தாலத்தில் மாப்பிள்ளை பார்த்திருப்பதையும், பையன் பார்க்க லட்சணமாக இருந்தாலும் கொஞ்சம் குள்ளம் என்பதையும் எனக்கு விவரமாகச் சொல்லிக்கொண்டே நட்டார்.

நான் தலையாட்டிவிட்டு, குனிந்து அடுத்த நாற்றை எடுத்தேன்.